கண் கால் அங்குலம் மேலே

ஜூன் 4

அட்டைக்காரிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதானால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டுக் கிழி.

நீ என் மகனை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனி நீ எனக்கு மருமகள் இல்லை என்று தாளில் எழுதி முத்திரையும் குத்திவிட்டார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இப்போது பெட்டி வேண்டும். பெட்டி என்றால் எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இங்கே மூன்று மாடியில் ஒரு கடை திறந்திருக்கிறார்கள். என் துணிப் பொம்மைகளை எடுத்துக்கொண்டு போனேன். பொருள் வாங்குகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், நல்ல மாதிரி. பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தாள், திருப்பினாள், தையலை நகத்தால் இழுத்துக்கூடப் பார்த்தாள். பிறகு, "பொம்மை நல்லா இருக்கும்மா. ஆனா இப்படி பிளாஸ்டிக் பையில போட்டுக் கொண்டுவந்தா எப்படி வைக்கிறது? உள்ள இருக்கறது தெரியணும், ஆனா யார் கையும் படக் கூடாது. ஜன்னல் வச்ச பெட்டியா கொண்டு வாங்க," என்றாள். ஜூலை இருபதுக்குள் இருநூறு பொம்மை. ஆறு வாரம் கடைசித் தட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஓடினால் ஓடட்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தனியா இருந்தது போதும்மா, வீட்டைக் காலி பண்ணிட்டு வா," என்று மகன் ஒரு வருஷமாகச் சொல்கிறான். இந்தக் கடையும் கைவிட்டால் செப்டம்பரில் வண்டி கொண்டு வருவானாம். நீ போன பிறகு அவன் தனியாகப் பார்த்துக்கொண்ட வீட்டில் எனக்குப் பின்னறை. தையல் மிஷினுக்கு அங்கே இடமில்லையாம். மிஷின் இல்லாத அறையில் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, நீயே சொல்.

போன் செய்யாதே, எழுது. காரணம் இருக்கிறது.

அட்டை ஒட்டினால் விடாது என்று உன்னை அப்போதெல்லாம் கேலி செய்வேன். நீ என்ன அட்டையோ, பொட்டென்று உதிர்ந்துவிட்டாய்.

— பொம்மைக்காரி


ஜூன் 11

அத்தைக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அரை நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பெட்டி செய்து தருகிறேன். தயவு என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் நான் படம் வரைய உட்கார இடம் தேடியபோது, தையல் மிஷினை நடைக்குத் தள்ளிவிட்டு ஜன்னலோரம் மேஜை போட்டுக் கொடுத்தது நீங்கள். மழைக்காலம் முழுக்கச் சாரலில் உட்கார்ந்து தைத்தீர்கள். அந்த மேஜையில் வரைந்ததைக் காட்டித்தான் எனக்கு இந்தப் பெட்டிப் பட்டறையில் வேலை கிடைத்தது. நன்றி சொல்ல வாய்ப்பே அமையாமல் இருந்தது. இப்போது நீங்களே வழி செய்து கொடுத்துவிட்டீர்கள்.

தொழிலுக்கு வருகிறேன். பெட்டியின் முன்பக்கம் மட்டும் ஜன்னல் வெட்டினால் பொம்மை இருட்டறையில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். அதுவும் கடைசித் தட்டு என்றால் வெளிச்சமே போகாது. அதனால் ஜன்னலை ஒரு பக்கச் சுவர் வரைக்கும் மடக்கிக் கொண்டுபோகிறேன். பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து முகத்தில் விழும். அப்படி வெட்டினால் அந்த மூலை பலவீனமாகிவிடும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது நசுங்கும். அதற்காக அட்டையைக் கொஞ்சம் தடிமனாக எடுத்துக்கொள்கிறேன். உள்பக்கம் தெளிவான பிலிம் ஒட்டுவோம். பொம்மை நிற்க அடியில் வெள்ளை அட்டையில் ஒரு சின்ன மேடை, இடுப்பைச் சுற்றி ஒரு நாடா.

எனக்கு வேண்டியது ஒரு பொம்மை. அளவை எழுதி அனுப்பாதீர்கள், பொம்மையையே அனுப்புங்கள். துணிக்கு அட்டைபோல ஒரே அளவு கிடையாது.

வெட்டுகிற மாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகப் பெட்டி வெட்டுகிறவர். யாருக்கு என்று கேட்டார். சொந்தத்தில் ஒருவருக்கு என்றேன்.


ஜூன் 19

அட்டைக்காரிக்கு,

பொம்மை இத்துடன் வருகிறது. தலையில் கொண்டை போட்டிருக்கிறேன், அதையும் சேர்த்து அளந்துகொள். கொண்டை நசுங்கினால் எனக்குக் கோபம் வரும்.

நீ எழுதியதை எதிர்வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். பொம்மைகளுக்கு முடி தைப்பது அவள்தான். பக்கச் சுவரிலும் ஜன்னல் என்றதும், "நம்ம வீட்டுக்கே ஒரு ஜன்னல்தான் இருக்கு, பொம்மைக்கு ரெண்டா?" என்றாள். கொடுத்துவைத்த பொம்மை.

நூற்றுப் பத்து முடிந்துவிட்டது. மிச்சம் இந்த மாதக் கடைசிக்குள் முடியும். எனக்கு வேலை ஓடுகிறது. கைதான் சில நேரம் மரத்துப் போகிறது.

நீ நன்றி என்று எழுதியதைப் படித்தேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மேஜையை ஞாபகம் வைத்திருக்கிறாய், சாரலை ஞாபகம் வைத்திருக்கிறாய். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்று மட்டும் எப்படி மறந்தது? வாசல்வரை வந்தேன். நீ ஆட்டோவில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திரும்பவே இல்லை. அவனோடு உனக்கு ஆயிரம் இருக்கட்டும். நான் உனக்கு என்ன செய்தேன்?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டியை மட்டும் நேரத்துக்கு அனுப்பு.


ஜூன் 27

அத்தைக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோமே, அன்று பெரிய மாமா என்ன சொன்னார் என்பது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "வேலை வேலைன்னு அலையற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாது. தப்பு இவ பேர்லதான். நீ என்னம்மா சொல்றே?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

மற்றவர்கள் சொன்னதெல்லாம் என்மேல் ஒட்டவே இல்லை. எனக்கு மேஜை போட்டுக் கொடுத்தவர் தலையாட்டியதை மட்டும் தாங்க முடியவில்லை. அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்.

சரி, விடுங்கள். கூரியர் ஆள் வாசலில் நிற்கிறார், பெட்டி விஷயத்தைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். உங்கள் பொம்மையை மாதிரிப் பெட்டியில் வைத்துப் பார்த்தோம். கொண்டை நசுங்கவில்லை. ஆனால் பெட்டியின் மேல்பட்டை குறுக்கே விழுந்து பாதி முகம் மறைகிறது. மாஸ்டர் பார்த்துவிட்டு, "கண்ணைக் கால் அங்குலம் மேல ஏத்தினா சரியாப் போயிடும், வேற எதையும் தொட வேணாம்," என்றார். நானும் அளந்து பார்த்தேன், அவர் சொல்வது சரிதான். ஆகவே கண் கால் அங்குலம் மேலே. மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.


ஜூலை 6

அட்டைக்காரிக்கு,

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபடி ஏற்றிவிட்டேன்.

முகம் மறைகிறது என்கிறாய், கண்ணை மேலே ஏற்றச் சொல்கிறாய். ஏற்றினால் இன்னும் அல்லவா மறையும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நாற்பது வருஷமாகப் பொம்மைக்குக் கண் வைக்கிறேன், எங்கே வைக்கவேண்டும் என்று உன் மாஸ்டர் எனக்குச் சொல்லித் தருகிறார். எதிர்வீட்டுக்காரி, "எழுதிக் கேளுங்களேன்," என்றாள். கேட்டுப் பதில் வர ஒரு வாரம் போகும். பெட்டி உன் தொழில். நீ அளந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ அளந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று பிரிக்க உட்கார்ந்துவிட்டோம்.

இருநூறு பொம்மை, நானூறு கண். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஊசித் துளை தெரியாமல் துணியைத் தேய்த்துவிட்டு, கால் அங்குலம் மேலே மறுபடி தைத்தோம். வேறு எதையும் தொடாதே என்று சொன்னாய். அதை மட்டும் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். கண்ணை மட்டும் ஏற்றினால் முகம் அசடு வழிந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து ஏற்றினேன். இப்போது எல்லாம் அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கின்றன. ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.

இனி அந்த நாள் விஷயம். நான்கைந்து தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு வலது காது கேட்காது. அது போய் மூன்று வருஷமாகிறது. இடது காதும் இப்போது பாதிதான். யாருக்கும் தெரியாது. மகனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வண்டி கொண்டுவந்து பின்னறையில் உட்கார வைத்துவிடுவான். போன் வேண்டாம் என்றது அதனால்தான். அன்று கூடத்தில் அந்தப் பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தது என் வலது பக்கம். அவர் வாய் அசைந்தது, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதோ கேட்கிறார் என்று மட்டும் புரிந்தது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டி வைத்தேன்.

அவர் என்ன கேட்டார் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். என் வெட்கத்துக்கு நீ இரண்டு வருஷம் தண்டனை அனுபவித்திருக்கிறாய். இதை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பொம்மையாக இருந்தால் பிரித்துத் தைத்துவிடுவேன்.


ஜூலை 10

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். முதல் பாதியில் தலையில் கை வைத்தேன். இரண்டாம் பாதியில் மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தப்பு முழுக்க என்னுடையது. பெட்டியில் வெட்டுகிற ஜன்னலை எங்கள் பட்டறையில் கண் என்றுதான் சொல்வோம். கண் வெட்டியாச்சா, கண்ணுக்குப் பிலிம் ஒட்டியாச்சா என்று காலையிலிருந்து அதே பேச்சு. கூரியர் அவசரத்தில் வாயில் வருவதையே எழுதிவிட்டேன். ஏற்றச் சொன்னது ஜன்னலை, அத்தை. அதை நாங்கள் ஏற்றவேண்டும், நீங்கள் இல்லை. ஏற்றியும் விட்டோம். இருநூறு பெட்டியும் அச்சடித்து, வெட்டி, பிலிம் ஒட்டி அடுக்கியாகிவிட்டது.

அதாவது நாங்கள் ஜன்னலைக் கால் அங்குலம் ஏற்றினோம், நீங்கள் முகத்தைக் கால் அங்குலம் ஏற்றினீர்கள். நீங்கள் அனுப்பிய பொம்மையைப் பெட்டிக்குள் நிறுத்தினேன். முதல் நாள் எப்படி மறைந்ததோ அதேபோல் பாதி முகம் மறைந்து நின்றது. மாஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியை மறுபடி வெட்ட நாளில்லை. உங்களை மறுபடி பிரிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் அடியில் இருக்கும் மேடை ஞாபகம் வந்தது. அது வெறும் வெள்ளை அட்டை, அச்சும் இல்லை, பிலிமும் இல்லை. ஒரு அங்குல உயரத்தை முக்கால் அங்குலமாகக் குறைத்தால் பொம்மை மொத்தமும் கீழே இறங்கும். உடனே வெட்டி வைத்துப் பார்த்தேன். முகம் முழுசாகத் தெரிகிறது. செருப்பு மட்டும் கொஞ்சம் மறைகிறது, அதற்காக மன்னியுங்கள். புது மேடை இருநூறும் பெட்டிகளோடு வருகின்றன. முதலில் அடியை மடித்துப் பூட்டுங்கள், பிறகு மேடை, கடைசியில் பொம்மை.

இப்போது மற்றது. அந்த வீட்டில் நான் எது சொன்னாலும் ஏன் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். நீங்கள் புரியாமலேயே, நான் அளந்தேன் என்று எழுதிய ஒரே வரிக்காக, நானூறு கண்ணைப் பிரித்திருக்கிறீர்கள். என்னை யாரும் இப்படி நம்பியதில்லை. தலையாட்டியதைத் திருத்த வேறெதுவும் வேண்டாம், நீங்கள் பிரித்துத் தைத்தாயிற்று. நானும்தான் அன்றே உங்களிடம் வந்து கேட்டிருக்கலாம். கேட்காமலே தீர்ப்பு எழுதிக்கொண்டு போய்விட்டேன். அதற்கு நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும்.

காதை டாக்டரிடம் காட்டுங்கள். இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.


ஆகஸ்ட் 5

அட்டைக்காரிக்கு,

பதினைந்தாம் தேதியே கடையில் வைத்தாகிவிட்டது. மூன்று வாரம் போயும் ஒன்றும் எழுதவில்லை என்று கோபப்படாதே. எழுத நல்லதாக எதுவும் இல்லாமல் இருந்தது.

முதல் வாரம் பதினோரு பொம்மைதான் போயிற்று. கடைசித் தட்டு என்றால் எப்படி என்று நேரில் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரம்தான். குனிந்தால்தான் தெரியும், யார் குனிகிறார்கள். பக்கத்திலேயே சின்ன மோடா ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்துகொண்டேன். மனதில் மிஷினைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கடந்து போனவள் நின்று, வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து, கீழே பார்த்தாள். உடன் வந்தவனிடம் என்னவோ சொன்னாள். அவள் என் இடது பக்கம் நின்றதால் கேட்டது. "இங்க பாரேன், இது என்னையே பாக்குது," என்றாள்.

எழுந்து அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். உண்மைதான். மற்ற தட்டுகளில் இருக்கும் பொம்மைகள் எல்லாம் நேராக எதிர்ச் சுவரைப் பார்க்கின்றன. நம்முடையவை மட்டும் கீழே இருந்தபடி, நிற்கிறவர்கள் முகத்தை அண்ணாந்து பார்க்கின்றன. நீ பக்கத்தில் வெட்டிய ஜன்னல் வழியாக வெளிச்சம் சரியாக முகத்தில் விழுகிறது. எனக்கே ஒரு பொம்மை வாங்கலாம் போலிருந்தது.

இரண்டாம் வாரம் முப்பத்தெட்டு. மூன்றாவதில் ஐம்பதுக்கு மேல். இன்னும் வேண்டும் என்று கடை அம்மாள் நாளை உன் பட்டறைக்கே எழுதப் போகிறாளாம். பெட்டியின் பின்பக்கம் வெறிச்சென்று இருக்கிறது, யார் செய்தது என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள் என்றாள். என்ன போடுவது என்று எனக்குத் தெரியாது. நீயே பார்த்து ஏதாவது போடு.

காதுக்குப் போனேன். மிஷின் வைக்கச் சொல்கிறார் டாக்டர். வீட்டில் ஏற்கெனவே ஒரு மிஷின் இருக்கிறது என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.


ஆகஸ்ட் 16

அத்தைக்கு,

கடையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னும் அறுநூறு. இரண்டு தடவை படித்துவிட்டு மாஸ்டர் கையில் கொடுத்தேன்.

அதில் ஒரு வரி, "கண் இப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம்" என்று இருந்தது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, முப்பது வருஷத்துல என் கண்ணைப் பாராட்டி ஒரு கடுதாசி வந்ததே இல்ல," என்று பட்டறை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். அவர்கள் சொன்னது உங்கள் பொம்மைக் கண்ணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தைத் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மேடையை முக்கால் அங்குலமாகவே வைத்துக்கொண்டேன். செருப்பு தெரிய ஜன்னலின் கீழ்விளிம்பை மட்டும் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். முதல் நூறு பெட்டி நாளை கிளம்புகிறது.

பின்பக்கம் ஒரு வரி போட்டிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்தது தப்புதான். கேட்டு, நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. பிடிக்காவிட்டால் தயங்காமல் எழுதுங்கள். அதன்மேல் சீட்டு ஒட்டி மறைத்துவிடலாம், அரை நாள் வேலை. எனக்கு வருத்தம் இருக்காது.

இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள்.


செப்டம்பர் 3

அட்டைக்காரிக்கு,

மகன் நேற்று வண்டியோடு வந்தான். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தான், அவன் சுபாவம் உனக்குத் தெரியாததா. வாசலில் வண்டி நிற்கிறது, உள்ளே உட்கார இடமில்லை. நாற்காலியெல்லாம் பொம்மை, தரையெல்லாம் உன் பெட்டி. எதிர்வீட்டுக்காரி முடி தைத்துக்கொண்டிருந்தாள்.

"எதை முதல்ல ஏத்தறது?" என்று கேட்டான்.

"கை சும்மாதானே இருக்கு, இதை மடி," என்று ஒரு கட்டுப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினேன்.

அடியை மடித்துப் பூட்டு, பிறகு மேடை என்று நீ எழுதியதையே சொல்லிக் கொடுத்தேன். நாற்பது மடித்தான், எட்டு கோணல். மடித்துக்கொண்டிருக்கும்போதே காது விஷயத்தைச் சொன்னேன். "ஏம்மா சொல்லலே?" என்றான். சொன்னால் வண்டி கொண்டுவருவாய் என்றேன்.

கடைசிப் பெட்டியை மடிக்கும்போது பின்பக்கத்தைத் திருப்பினான். கண் அருகே கொண்டுபோய், எழுத்துக்கூட்டுகிற மாதிரி நீ போட்டிருந்த வரியைப் படித்தான்.

"பொம்மை: அத்தை. பெட்டி: மருமகள்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். "இவ எப்படிம்மா இன்னும் மருமக?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். இந்தத் தடவை என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். முழுசாகக் கேட்டது. தலையாட்டவில்லை, வாய் திறந்து பதில் சொன்னேன்.

"அவ விட்டது உன்னைத்தானே. என்னை இல்லையே."

கோணல் எட்டையும் பிரித்து மறுபடி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். வண்டி வெறும் வண்டியாகத்தான் போயிற்று. திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தேன், ஜன்னலோரம். நீ போனதும் அதைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டேன். நீ ஒரு நாள் வந்தால் மறுபடி நடைக்குத் தள்ளிக்கொள்கிறேன், உனக்கு மேஜை வேண்டுமே.

சீட்டெல்லாம் ஒட்ட வேண்டாம். பின்பக்கத்து எழுத்து மட்டும் கொஞ்சம் பொடியாக இருக்கிறது. அடுத்த தடவை பெரிதாகப் போடு, அவன் கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும்.

— உன் அத்தை